மாப்பிள்ளைக்கு ஏழு நாள்

வாங்க ஐயா, வாங்க. கல்யாணமாகி எட்டாம் நாளு விடிஞ்சதும், உடம்பப் பாத்துத் தீட்டு சொல்ற ஆசாரியர் வாசல்ல நிப்பாருன்னு தெரியும். எங்கண்ணன் சிக்ரிதானே வந்து சொன்னான்? அவன் சொல்லாம வேற யாரு சொல்லப் போறா. உக்காருங்க, முற்றத்துக்கே இன்னும் வெயில் வரல. இந்த மங்கல் வெளிச்சத்துல உடம்பப் பாக்கக் கூடாதுல்ல? அத்திப்பழம் எடுத்துக்குங்க.

அவரு உள்ளதான் இருக்காரு. என் வீட்டுக்காரரு யாக்கீன் ஓடி ஒளியற ஆளு இல்ல. கழுத்துத் துணிய அவுத்துட்டு உக்காந்திருக்காரு.

ஆமா, எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். ஒலிவச் செக்கு தள்ளறப்ப பின்கழுத்துல பாத்தேன். அவரைக்கொட்டை அளவு வெள்ளை, அதுக்குள்ள ரெண்டு முடி, அதுவும் வெள்ளை. புடுங்கிடவான்னு கேட்டேன். அது பாவம், வேணாம்னுட்டாரு. அப்புறம் நாந்தான் கல்யாணத்த அவசரப்படுத்தினேன். கல்யாண விருந்து நடக்கற ஏழு நாளும் மாப்பிள்ளையப் பரிசோதிக்கக் கூடாதுன்னு இருக்கே. அந்த ஏழு நாளாவது கெடைக்கட்டும்னுதான்.

மொறைக்காதீங்க. மூணாம் நாளு பந்தியில நீங்களும் ஆட்டுக்கறிய ஒரு பிடி பிடிச்சீங்க. அவரு பக்கத்துலயே உக்காந்துட்டு, கழுத்துப் பக்கம் ஒரு தடவகூடத் திரும்பல. நல்ல மனசுதான் உங்களுக்கு, இல்லேங்கல.

ஆனா இன்னிக்குச் சொல்லிடுவீங்க. முடி வெளுத்துட்டா குஷ்டந்தான், அடைச்சு வச்சுப் பாக்கறதெல்லாம் கெடையாது, அப்பவே தீட்டு. துணியக் கிழிச்சுக்கிட்டு, மீசைய மூடிக்கிட்டு, தீட்டு தீட்டுன்னு கத்திக்கிட்டே ஊருக்கு வெளிய போகணும்.

போன மழையில பக்கத்து வீட்டுச் சுவத்துல பச்சையாப் படந்துச்சே, ஞாபகம் இருக்கா? அந்த வீட்டுக்குத் தீட்டு பாக்க வந்தப்ப என்ன சொன்னீங்க? சட்டி பானையெல்லாம் மொதல்ல வெளிய வைங்க, என் வாயால சொல்ற வரைக்கும் எதுவும் தீட்டு இல்லன்னீங்க. ஒரு சட்டிய மட்டும் மறந்து உள்ள விட்டுட்டாங்க. அன்னிக்குக் காலையில கூழ் காய்ச்சின சட்டி. வீடு தீட்டுன்னு நீங்க சொன்னதும் அதுவும் தீட்டாயிடுச்சுன்னு போட்டு உடைச்சாங்க.

இருங்க, எந்திரிக்காதீங்க. என் கையப் பாருங்க. கழுத்தையும் பாருங்க. ஒண்ணும் இல்ல, ஒரு மச்சம்கூட இல்ல. நான் சும்மா அவரு பின்னாடி போனா அண்ணன் முடியப் புடிச்சு இழுத்துட்டு வந்துடுவான். நானும் தீட்டுன்னு ஆயிட்டா கிட்டயே வரமாட்டான்.

அதனால அவரப் பாத்து முடிச்சதும் எனக்கும் அந்த வார்த்தையச் சொல்லிட்டுப் போங்க. வீட்டுல பொருள் ஒண்ணும் கெட்டுப்போகாது. சட்டி பானையெல்லாம் நேத்தே அக்கம்பக்கத்துல குடுத்துட்டேன்.