விற்காத மூன்று டயர்

மத்தியானம் இரண்டரை மணி. ஆமாம், மத்தியானம்தான். பேய்க்கு ராத்திரி டியூட்டி மட்டும்தான் என்று யார் சொன்னது? கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள்... சொல்கிறவனுக்கும் பயம்தான்.

புறவழிச்சாலை. முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி இல்லை. ஓட்டியவர் நம் நண்பனின் அக்கா வீட்டுக்காரர். கையிலிருந்து காசு பெயராது. அதனால் பட்டப்பெயர் தாராளம். பக்கத்தில் அக்கா. பின் சீட்டில் ஆறு வயது மகள். நெற்றியில் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடியைத் தன் மாமியார் எப்படி வீடெல்லாம் தேடுவார் என்று நடித்துக்காட்ட, தாராளம் ஸ்டீரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்தார். வண்டி ஓரக்கல்லில் ஏறியது. டமார்... முன் டயர் போச்சு.

"சிரிச்சாச்சா? ஸ்டெப்னியை எடுங்க," என்றாள் அக்கா.

பெட்டி வைக்க இடம் வேண்டுமென்று அதை வீட்டிலேயே இறக்கி வைத்த புண்ணியவானும் அவரேதான். இப்போதெல்லாம் அவர் எங்கே போனாலும் பஸ்தான். கேட்டால் பேச்சை மாற்றுவார்.

நூறடி தள்ளி ஒரு பழைய டயர் கடை. பத்து வருடமாகப் போய்வருகிற பாதை... அவர் அதைப் பார்த்ததே இல்லை. வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு போய் அதன் வாசலில் நிறுத்தினார்.

கடைக்காரர் ஓடி வந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தார். அளவு கேட்காமலே சரியான டயரை உருட்டி வந்தார். விலையும் பாதி. இவ்வளவு மரியாதை தாராளத்துக்குத் தன் கல்யாணத்தன்றுகூடக் கிடைத்ததில்லை. ஒன்றுதான் உறுத்தியது... டயர்க்காரரின் உள்ளங்கையில் ஒரு பொட்டுக் கரி இல்லை.

"மாட்டித் தரேன் சார். ஆனா உடனே கிளம்பாதீங்க. இருந்து, காலைல போங்க."

"அஞ்சு மணிக்கு மாமனாரை ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டிட்டு வரணும்யா. லேட்டானா இவ என்னைக் கொண்டுபோய் அங்க சேர்த்துடுவா."

கடைக்காரர் சிரிக்கவில்லை.

சுவரோரம் தனியாக மூன்று டயர். தாராளத்தின் கண் அங்கே போனது. காற்றே இல்லை... ஆனால் கருகிய ரப்பர் வாடை, அங்கிருந்துதான்.

"அது எந்த வண்டியோடது?"

"இன்னும் கொஞ்சம் தண்ணி குடிங்க சார்."

"எந்த வண்டின்னு கேட்டேன்."

"அது விக்கிறதுக்கில்ல சார்... வேணாம் சார்." குரல் கெஞ்சியது.

தாராளம் ஒன்றைத் திருப்பினார். உள்பக்கம், நகப்பாலிஷில் ஒரு கோணல் பூ.

மெக்கானிக் மாற்றிவிடுவான் என்ற சந்தேகத்தில், தன் நாலு டயருக்கும் ரகசிய அடையாளம் வைப்பது அவர் வழக்கம். போன மாதம் "நான் வரையறேம்ப்பா" என்று மகள் அடம்பிடித்து வரைந்த பூ. ஐந்து இதழ், ஒன்று மட்டும் பெரிசு. இதில் பாதி கருகியிருந்தது.

அடுத்ததைத் திருப்பினார். பூ. மூன்றாவது... பூ.

ஓடிப்போய்த் தன் வண்டிக்கு அடியில் குனிந்தார். வெடிக்காத மூன்று சக்கரத்திலும் அதே பூக்கள். பளபளவென்று, ரோஸ் நிறத்தில். தலைக்கு மேலே, கண்ணாடிக்குப் பின்னால் மகள் டாட்டா காட்டினாள்.

"ஐயா..." அவர் கடைக்காரரிடம் திரும்பினார். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அது எந்த வண்டியோடது?"

கடைக்காரர் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். குழந்தையைப் பார்த்தார். அப்புறம் அவரைப் பார்த்தார்.

"இந்த வண்டியோடதுதான் சார். இன்னைக்கு சாயங்காலம் வந்துச்சு."