முள்ளில் படிந்த உப்பு

கடல் மீன் வளர்ப்பதைப் பெரிய வித்தை என்று நினைக்கிறார்கள், ஐயா. அப்படியொன்றும் இல்லை. தொட்டியில் தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது; இது தெரிந்தால் போதும். குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரை ஊற்ற வேண்டும். குறைந்தது உப்புத் தண்ணீர்தானே என்று உப்புத் தண்ணீரையே ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போய் மீன் செத்துவிடும். புதிதாக வளர்ப்பவர்கள் எல்லோரும் செய்கிற தவறு அது.

என் மனைவிக்கும் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கூடத்துத் தொட்டியில் ஒரு ஜோடி கோமாளி மீன் இருந்தது. "உங்க பிள்ளைங்க" என்று கேலி செய்வாள்.

வேலையாக வெளியூர் போக வேண்டி வந்தது. உப்பளவு பார்க்க என்னிடம் ஒரு பிளாஸ்டிக் டப்பா உண்டு. தண்ணீரை மொண்டால் உள்ளே ஒரு முள் எழும்பும்; உப்பு கூடக் கூட மேலே போகும். கொஞ்ச காலமாகவே முள் கீழேதான் நின்றது, நானும் உப்பைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தேன். கிளம்பும் முன்பும் அப்படியே சரிசெய்தேன். நல்ல தண்ணீர்க் குடத்தைக் காட்டி, இதை மட்டும் ஊற்று, பக்கத்தில் இருக்கும் உப்புத் தண்ணீர் வாளியைத் தொடாதே என்று அவளிடம் சொன்னேன்.

திரும்பி வந்தபோது இரண்டு மீன்களும் தொட்டியின் அடியில் கிடந்தன. தண்ணீரைப் புட்டியில் பிடித்து மீன்கடைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் தன் கருவியில் பார்த்துவிட்டு, உப்பு தாறுமாறாக ஏறியிருக்கிறது என்றார்.

"சத்தியமா நல்ல தண்ணிதாங்க ஊத்தினேன். வாளி பக்கமே போகலை" என்று அவள் அழுதாள்.

நான் திட்டவில்லை. கை ஓங்குகிற ஆளும் இல்லை. தவறு யாருக்கும் வரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவளுக்கு இதயம் பலவீனம். உப்பைக் கண்ணில் காட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இனி நீ அடுப்படியில் நிற்க வேண்டாம் என்று சமையலை நான் எடுத்துக்கொண்டேன். மீனை ஒரு தண்ணீரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது மெள்ள மெள்ள மாற்றினால் அதற்குத் தெரியாது. நாக்கும் அப்படித்தான். முதலில் காயில் ஒரு சிட்டிகை சேர்த்தேன். பிறகு சூப்பில், மாவில்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சொல்வாங்க. உங்க கைப்பக்குவத்துல எனக்கு அந்தக் குறையே தெரியலைங்க" என்றாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

கால் வீங்கியது. படுத்தால் மூச்சு வாங்கியதால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். சாப்பாட்டில் உப்பு சேர்கிறதா என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன், "இவர் ஒரு கல் உப்பு போட மாட்டார், டாக்டர்" என்று அவளே சொல்லிவிட்டாள். அவர் மாத்திரையைக் கூட்டினார். இப்படியொரு புருஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். எனக்குக் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுபோல், தினமும் அவள் கணுக்காலை விரலால் அமுக்கிப் பார்ப்பேன். குழி விழும், மேலே எழும்ப நேரமாகும்.

ஒரு காலை அந்த நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்தாள். இதய நோயாளிதானே, யாரும் எதுவும் கேட்கவில்லை.

துக்கம் விசாரிக்க மீன்கடைக்காரர் வந்தார். தொட்டியருகே கிடந்த டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இதைக் கழுவவே மாட்டீங்களா, சார்? முள்ளுல உப்பு படிஞ்சிருக்கு பாருங்க. கனம் ஏறிட்டா முள்ளு எழும்பாது. தண்ணியில எவ்வளவு உப்பு இருந்தாலும் குறைச்சுத்தான் காட்டும்."

அவர் போனபிறகு அதை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினேன். தொட்டித் தண்ணீரை மொண்டேன். முள் உச்சிக்குப் போய் நின்றது.

ஏன் நீயாகவே ஸ்டேஷனுக்கு வந்தாய் என்று கேட்டீர்கள். அவள் பொய் சொல்லவில்லை என்பதை யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. மீனைக் கொன்றது நான். அவளைக் கொன்றதும் நான்தான். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா: அவளை நான் மன்னித்துவிட்டேன்.