ஹால்வர் பிரெக்கேயின் சனிக்கிழமைகள்

இந்தத் தபால் அலுவலகத்து அடுப்பு ஒரு பக்கம்தான் சூடாகும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இன்னும் சற்று நேரத்தில் கால் மரத்துவிடும். நாற்காலியை இடது பக்கம் நகர்த்திக்கொள்ளுங்கள், தபால் இலாகா ஆய்வாளரே. நிறைய எழுத வேண்டியிருக்கும்.

என் பெயர் லொரீனா விட்கோம். வயது ஐம்பத்து நான்கு. திருமணம் ஆகவில்லை. டகோட்டாவின் இந்தக் கோதுமை ஊரில் இருபத்திரண்டு வருடங்களாக நான்தான் தபால் அதிகாரி. மாவு டப்பாவில் நீங்கள் கண்டெடுத்த கடிதங்களை எடுத்து வைத்தது நானே. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு இருக்கும். ஒன்றைக்கூட நான் எரிக்கவில்லை. எரித்திருந்தால் உங்கள் வேலை கடினமாகியிருக்கும். அதற்காகவாவது நீங்கள் எனக்கு நன்றி சொல்லலாம்.

ஏன் என்று கேட்கிறீர்கள். முதலில் இந்த ஊரைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இங்கே ஒரு வீட்டுப் புகைபோக்கியிலிருந்து அடுத்த வீட்டுப் புகை தெரியாது. ஐந்து மாதம் பனி. மீதி ஏழு மாதம் காற்று. ஜனங்கள் இந்தக் கம்பி ஜன்னலுக்கு வருவார்கள், கடிதத்தை வாங்குவார்கள், அப்படியே திரும்பி வாசித்துக்கொண்டே போய்விடுவார்கள். நான் ஒரு வாரம் காய்ச்சலோடு வேலை பார்த்தேன். எதிர்க் கடை கான்ட்ஸ் அம்மாள் மட்டும்தான் கவனித்தாள். "ஏன் லொரீனா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? சரி, என் கேட்லாக் வந்துச்சா?" என்றாள்.

ஹால்வர் பிரெக்கே அப்படிப்பட்டவர் இல்லை. நார்வேக்காரர். மனைவி இறந்துவிட்டாள். ஊருக்கு வடக்கே ஒன்பது மைலில் தனியாக நிலம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே மகள் ராக்னா, அப்பாவுக்குப் பிடிக்காத ஒரு மரம் வெட்டுபவனைக் கட்டிக்கொண்டு ஆரிகனுக்குப் போய்விட்டாள். போகும்போது இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அவள் எழுதினாள், அவரும் எழுதினார். அவரும் மற்றவர்களைப் போலவே கடிதத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அது உண்மைதான்.

1919 நவம்பரில் அவள் கடிதம் ஒன்று தபால் பிரித்து வைக்கும் தட்டுகளுக்குப் பின்னால் விழுந்துவிட்டது. அது தற்செயல். சத்தியமாகத் தற்செயல். அன்று சனிக்கிழமை அவர் வந்து நின்றார்.

"ஒண்ணும் இல்லையா, மிஸ் விட்கோம்?"

"இல்லை, மிஸ்டர் பிரெக்கே."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு. சாயங்கால ரயில்ல வேணா இருக்கும்."

"அப்ப இருந்து பாத்துட்டே போறேன். வீட்ல எனக்காக யாரு காத்திருக்கா, பசு மாடா?"

கையுறையைக் கழற்றி அடுப்பின் மேல் காயப் போட்டார். நான் காப்பி கொடுத்தேன். பையனாக இருக்கும்போது கடலில் மீன் பிடித்ததைச் சொன்னார், படகில் உறைந்துபோன கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்ததைச் சொன்னார். இரண்டு மணி நேரம். இந்த அறையில் ஒரு மனிதர் இரண்டு மணி நேரம் என்னோடு பேசிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை பெருக்கும்போது அந்தக் கடிதம் கிடைத்தது. அடுத்த சனிக்கிழமை கொடுத்துவிடலாம் என்று எடுத்து வைத்தேன். அடுத்த சனிக்கிழமை அவர் வாசலிலேயே பூட்ஸைத் தட்டிவிட்டு நேராக நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒழுங்காக நடந்தது. அவர் எழுதியவையும் டப்பாவுக்குப் போயின, அவள் எழுதியவையும் போயின. நான் எல்லாவற்றையும் படித்தேன். ராக்னாவின் கையெழுத்து வலப்பக்கம் சாயும். 'அப்பா, கோபம் இன்னும் போகலையா? பையனுக்கு உங்க பேரைத்தான் வெச்சிருக்கேன்' என்று ஒன்று. அவருடையது, 'தப்பு என்னுடையது, ஒரு வரி எழுது' என்று ஒன்று. அவை இரண்டும் ஒரே வாரத்தில் வந்தன. டப்பாவில் அடுத்தடுத்து இருக்கும், பாருங்கள்.

இதைக் கொடூரம் என்று சொல்லப்போகிறீர்கள். சொல்லுங்கள். அவளுக்குக் கணவன் இருந்தான், பிள்ளை இருந்தது, மழை பெய்யும் ஊர் இருந்தது. எனக்கு என்ன இருந்தது என்று உங்கள் இலாகா இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவை கேட்டதா?

1922 வசந்தத்தில், ஜூலையில் நேரில் வருகிறேன் என்று எழுதிவிட்டாள். வந்தால் அவரை அழைத்துக்கொண்டு போய்விடுவாள். எனவே நான் அலுவலகத் தாளில் நான்கு வரி எழுதினேன். மார்ச் மாதம் நிமோனியாவில் தங்கள் தகப்பனார் காலமானார், ஊரார் நல்லடக்கம் செய்தோம், நிலம் கைமாறிவிட்டது, ஆழ்ந்த அனுதாபங்கள். அதோடு நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கல்லறையையாவது பார்க்க வேண்டும் என்று தந்தி கொடுத்தாள். அந்தத் தந்தியும் என் கைக்குத்தான் வந்தது.

அறுவடை சமயம். ஊரில் ஈ காக்கை இல்லை. மதிய ரயிலில் இறங்கினாள், நான்கு மணி ரயிலில் திரும்ப வேண்டும். மெலிந்த பெண். கறுப்புத் தொப்பி அவளுக்குப் பெரிதாக இருந்தது, இரவல் வாங்கியிருப்பாள். ரயில்வே வேலையில் செத்துப்போன பெயர் தெரியாத ஒருவனைத் தெற்குக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்திருந்தோம். மரச் சிலுவையில் பெயர் கிடையாது. அங்கே அழைத்துப் போனேன்.

புல்லில் மண்டியிட்டு வெகுநேரம் இருந்தாள். பிறகு கேட்டாள்.

"கடைசியா என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா, மிஸ் விட்கோம்?"

"சொன்னார்மா. உன் மேல கோபமே இல்லைன்னு சொன்னார்."

"நிஜமாவா? எனக்காகச் சொல்லலையே?"

"நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

அது பொய்யே இல்லை. அவர் அதைத்தானே ஒவ்வொரு கடிதத்திலும் எழுதிக்கொண்டிருந்தார். அவள் என் தோளில் முகம் வைத்து அழுதாள். என்னை யாராவது அப்படிப் பிடித்துக்கொண்டு பல வருடங்கள் ஆகியிருந்தன. அந்தப் பெண்ணுக்கு நான் அமைதியைக் கொடுத்து அனுப்பினேன்.

பிளாட்பாரத்தில் நின்றபோது ஒன்று நடந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், தானியக் களஞ்சியத்தின் முன், ஒரு வண்டி வந்து நின்றது. வயதான ஒருவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூட்டை இறக்கினார்.

ராக்னா கண்ணிமைக்காமல் பார்த்தாள். "அங்க பாருங்க. அந்த ஆளு தோளு அப்படியே எங்க அப்பா மாதிரி."

"இந்த ஊர் நார்வேக்காரங்க அத்தனை பேருக்கும் அதே தோளுதான்மா. மூட்டை தூக்கித் தூக்கி அப்படி ஆயிடுது."

"கிட்டப் போய் ஒரு தடவை பாத்துட்டு வந்துடட்டுமா? பைத்தியக்காரத்தனம்தான்."

"ரயில் வருது பாரு."

வந்தது. இருவருக்கும் நடுவே வந்து நின்றது. அவளைக் கைபிடித்து ஏற்றிவிட்டேன். ரயில் போனபோது ஹால்வர் திரும்பி என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். நானும் கையசைத்தேன்.

அதன் பிறகு அவள் எழுதவில்லை. அவர் மட்டும் எழுதினார். இன்னும் மூன்றரை வருடம் சனிக்கிழமைகளில் வந்தார். மழையானாலும் பனியானாலும் வந்தார். "ஒண்ணும் இல்லையா?" என்று கேட்பதைக்கூட நிறுத்திவிட்டார், தட்டுகளை மட்டும் பார்ப்பார். பேச்சும் குறைந்துவிட்டது. நாங்கள் சும்மா உட்கார்ந்திருப்போம். நெருங்கியவர்களுக்குள் பேச்சு தேவைப்படாது என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்த ஜனவரியில் அவர் படுத்துவிட்டார். சனிக்கிழமை மதியம் நான் வண்டி பிடித்துப் போனேன். உருளைக்கிழங்கு சூப் கொண்டுபோயிருந்தேன். மேசையில் ஒட்டாத கடிதம் ஒன்று இருந்தது, அதையும் எடுத்துக்கொண்டேன். நீங்கள் பார்த்ததில் கடைசி அதுதான். அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. என் கையைப் பிடித்து, "ராக்னா?" என்றார்.

"ஆமாம்ப்பா," என்றேன்.

"வந்துட்டியா? ஏன் எழுதவே இல்ல?"

"எழுதினேன்ப்பா. தபால்ல எங்கயோ தொலைஞ்சிருக்கும்."

அவர் சிரித்தார். மாலை வெளிச்சம் இருக்கும்போதே போய்விட்டார்.

பாதிரியார் ஆரிகனில் போர்ட்லாந்திலிருந்து வரும் நார்வே மொழிப் பத்திரிகைக்கு மரண அறிவிப்பு அனுப்பினார். அது என் வழியாகத்தான் போனது. நான் பிரிக்கவில்லை, மற்றவர்களின் தபாலைப் பிரிப்பது என் வழக்கம் அல்ல. அதில் இருந்த தேதியை ராக்னா படித்தாள், உங்களுக்கு எழுதினாள், நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? மறைத்தேன், படித்தேன், உயிரோடு இருந்தவரைச் செத்தவர் என்றேன், வேறொருவன் குழியைக் காட்டி மகளை அழவைத்தேன். எல்லாம் நானே செய்தேன். யாரும் தூண்டவில்லை. வருந்துகிறேன் என்று மட்டும் போடாதீர்கள், அந்த வரியை அடித்துவிடுவேன்.

இன்னும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். மகள் கைவிட்ட அந்த மனிதரை நான் கைவிடவில்லை. ஆறு வருடத்துக்கு மேல் ஹால்வர் பிரெக்கே ஒரு நாள்கூடத் தனிமையில் இருக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் நான் இருந்தேன்.