சாறிக் கொம்பனி செய்த பை

டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் எனக்கு எதிரே நடுவயதுக்காரர்கள் இருவர் இருந்தார்கள்.

"என்ர மகள் உயிரோட இருக்கிறது ஒரு சாறிக் கொம்பனியால, மச்சான்" என்றார் கண்ணாடியோரம் இருந்தவர். நான் புத்தகத்தை மூடினேன்.

"விசரே உனக்கு? காரில இருந்த எயர்பேக்தானே அவளைக் காப்பாத்தினது?"

"ஓம். அடிபட்ட காரைப் பாக்கக் கராஜுக்குப் போனன். அந்தப் பை வெடிச்சுத் தொங்கிக்கொண்டு கிடந்தது. சாறிக் கடைக்காரன்ர கை சும்மா இருக்குமே? தடவிப் பாத்தன். ஓரத்தில பேர் இருந்தது. எங்கட கடைக்கு முந்தி ஜோர்ஜெட் அனுப்பின அதே கொரியாக் கொம்பனி."

"சாறித்துணியை நிப்பாட்டிப்போட்டாங்கள் எண்டு நீ திட்டித் திரிஞ்சனியே, அந்தக் கொம்பனியோ?"

"அதேதான். இப்ப டயருக்கு நூல், காருக்குப் பை, ஆஸ்பத்திரியில இரத்தம் சுத்திகரிக்கிற வடிகட்டி எல்லாம் அவைதான் செய்யினமாம்."

"கடவுளே! சாறி நெய்தவையோ?"

அப்டன் பார்க் நிலையம் வந்து போனது. ஈஸ்ட் ஹாமில் இறங்க எழும்பும்போது மற்றவர் கேட்டார்.

"அந்தப் பையை என்ன செய்தனி?"

"வெட்டிக் கொண்டுவந்திட்டன். கடையில கூறைச் சேலையளுக்கு மேல்தட்டில மடிச்சு வைச்சிருக்கிறன். சனம் விலை கேக்குது. விக்கிறதுக்கில்லை எண்டு சொல்லுறன்."