பதினான்காவது நாசகாரி

கப்பல்களின் பெயர்களை வரிசையாகத் தட்டச்சு செய்வது எனக்குப் பிடித்த வேலை. ஸ்காப்பா துறைமுகத்தில், பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தேன். 1944 வசந்தத்தில், நார்வேயில் மலைகளுக்கு இடையிலான கடல் இடுக்கில் பதுங்கியிருந்த ஜெர்மன் போர்க்கப்பலை விமானங்கள் அனுப்பித் தாக்க எங்கள் படை திரண்டது. எந்தக் கப்பல் எந்த அணியில் என்ற பட்டியலைத் தயாரித்தவன் நான். விமானந்தாங்கிக் கப்பல்களுக்குக் காவலாக நாசகாரிகள் என்ற வேகமான சிறு போர்க்கப்பல்கள் பதின்மூன்று.

அந்த எண்ணிக்கை யாரையும் உறுத்தவில்லை. என்னை உறுத்தியது. நாங்கள் கார்ன்வால் கரையில் மீன்பிடிக்கிற குடும்பம். பதின்மூன்று கெட்ட எண் என்று எங்கள் அம்மா அத்தனை பேரை ஒரு மேசையில் சாப்பிட விடமாட்டார். தெருவில் போகிறவரையாவது கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார்.

முதலில் பன்னிரண்டுக்குப் பிறகு, பதின்மூன்று என்று போடாமல் '12 அ' என்று போட்டேன். என் மேலதிகாரி கமாண்டர் அவெரில் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ட்ரெகென்சா, கடலுக்கு எண்ணத் தெரியாதுன்னு நெனைச்சியா?"

"தெரியும்னுதான் சார் பயப்படுறேன்."

அவர் சிரிக்கவில்லை. அவரும் கடலோரத்துக்காரர். இன்னொரு நாசகாரி சும்மா நின்றால் சேர்த்துக்கொள் என்றார்.

சும்மா நின்றவை இரண்டு. ஒன்றின் தலைவர் எதற்கெடுத்தாலும் மூன்று பக்கத்துக்கு ஆட்சேபம் எழுதுவார்; ஒவ்வொன்றுக்கும் நான் நான்கு படி எடுக்க வேண்டும். மற்றது 'தோர்ன்பரி'. அதன் தலைவர் சொன்னதைக் கேட்பவர். அதில் என் தம்பி ஜோரி கொதிகலன் அறையில் வேலை பார்த்தான். தோர்ன்பரியைச் சேர்த்தேன்.

மறுநாள் காலை ஜோரி ஒரு காகிதத்தோடு வந்தான். தோர்ன்பரியின் தலைவர் கையெழுத்திட்ட பழுது அறிக்கை. இரண்டாவது கொதிகலனின் குழாய்கள் கசிகின்றன, கப்பல் நீண்ட பயணத்துக்குத் தகுதியில்லை என்று இருந்தது.

"இத கமாண்டர்கிட்ட கையோட கொடுத்துடுண்ணே. அடுப்புமேல உக்காந்துட்டுப் போற மாதிரி இருக்கு."

வைத்துவிட்டுப் போ என்றேன்.

"வைக்கிறதா? நீ அம்மா வயித்துலேர்ந்தே வரிசையில நின்னு வந்தவன். இத மட்டும் முன்னால தள்ளி விடு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கதவருகே நின்று, கொடுத்துவிடுவாய்தானே என்று மறுபடி கேட்டான். தலையாட்டினேன்.

நீங்கள் என் நிலையைப் புரிந்துகொள்ள வேண்டும். அதைக் கொடுத்தால் தோர்ன்பரி நின்றுவிடும். மறுபடி பதின்மூன்று. அத்தனை கப்பல்கள், ஆயிரக்கணக்கான மனிதர்கள். ஒரு பக்கம் அவர்கள், மறுபக்கம் சில குழாய்கள். நான் அறிக்கையைக் கிழிக்கவில்லை. எந்தக் காகிதத்தையும் நான் கிழித்ததில்லை. மேசைமேல் இருந்த காகிதத் தட்டில் மற்றவற்றுக்கு அடியில் வைத்தேன்.

தோர்ன்பரியின் தலைவர் பதிலுக்குக் காத்திருந்தார். வரவில்லை. எங்கள் கடற்படையில் மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை என்றால், படித்துப் பார்த்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறார்கள் என்று பொருள். அவர் நங்கூரத்தைத் தூக்கினார்.

தாக்குதல் நன்றாகவே நடந்தது. குண்டுகள் போர்க்கப்பலின் மேல்தளத்தில் விழுந்தன. திரும்பும் வழியில் புயல் வந்தது. தோர்ன்பரியின் கொதிகலன் வெடித்தது, இயந்திரம் நின்றது, பக்கவாட்டில் வந்த அலை கப்பலைக் கவிழ்த்தது. நூற்று முப்பத்தொரு பேர் இறந்தார்கள். கொதிகலன் அறையிலிருந்து ஒருவரும் மேலே வரவில்லை.

மற்ற நாசகாரிகள் பதின்மூன்றும் துறைமுகத்துக்குள் நுழைவதை ஜன்னலில் நின்று எண்ணினேன். ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை. நான் எடுத்த முடிவு சரிதான் என்று எனக்கு அப்போது புரிந்தது. மேசைக்குப் போய், திரும்பி வந்தவர்களின் பட்டியலைத் தட்டச்சு செய்தேன். பிறகு ஜோரியின் பொருள்களை அம்மாவுக்கு அனுப்பும் படிவத்தை. அதில் அனுப்புபவருக்கு என்ன உறவு என்ற இடத்தில் 'தம்பி' என்று அடிக்கும்போது இரண்டு முறை பிசகியது.

விசாரணைக்கு வந்த உங்களிடம் எதையும் மறைக்க நான் நினைக்கவில்லை. அறிக்கை அதே தட்டில்தான் இருக்கிறது. படை புறப்பட்ட மறுநாள் வந்து சேர்ந்ததாக அதன்மேல் முத்திரை குத்தியது நான். அந்தத் தேதி ஒன்றுதான் தவறு. அதைத் திருத்தி எழுத அனுமதித்தால், என் பங்கில் பிழை என்று எதுவும் இருக்காது.