சின்னத் தீவே போதும்

மருமகள்: ...இல்ல அத்தை, சின்னத் தீவே போதும். தண்ணி எப்படி இருக்கு பாருங்க, கண்ணாடி மாதிரி!

மாமியார்: தண்ணியைப் பாக்கறதுக்கா அவ்வளவு தூரம் போறீங்க? பக்கத்துல இருக்கற பெரிய தீவோட படத்தைக் காட்டு. அதுல கடைத்தெரு இருந்துச்சே.

மருமகள்: கடைத்தெரு நம்ம வீட்டுக்கு எதிர்லயே இருக்கே.

மாமியார்: வாயாடி. ஒரு தலைவலி மாத்திரை வாங்கணும்னா என்ன பண்ணுவே?

மருமகள்: படகுல ஏறிப் பெரிய தீவுக்குப் போவேன்.

மாமியார்: நீயா? பஸ்ல ஜன்னலோரம் கிடைக்கலைன்னாலே பாலித்தீன் கவரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்கார்ற ஆளு!

மருமகள்: படகுல எல்லாமே ஜன்னலோரம்தானே அத்தை!

மாமியார்: சிரிக்காத... மெதுவா. பாத்ரூம்ல தண்ணிச் சத்தம் நின்னுடுச்சு. ...இல்ல. திரும்பத் திறந்துட்டான். சோப்பு போட்டிருப்பான்.

மருமகள்: வந்துட்டாரோன்னு பயந்துட்டேன்.

மாமியார்: எனக்கு மட்டும் என்னவாம்? சரி, சொல்லு. பெரிய தீவுல ஆஸ்பத்திரி இருக்கா?

மருமகள்: சுத்திப் பாக்கப் போறோமா, ஆபரேஷனுக்குப் போறோமா?

மாமியார்: இருக்கான்னு கேட்டேன்.

மருமகள்: ...இருக்கு. பெரிசாவே இருக்கு.

மாமியார்: போலீஸு?

மகன்: யாருக்கும்மா போலீஸ்?

மாமியார்: வாடா... தலையை ஒழுங்காத் துவட்டு, சொட்டுது பாரு. ஒண்ணுமில்ல, தெரியாத ஊர்ல தொலைஞ்சுபோனா யாரைக் கேக்கறதுன்னு...

மகன்: என்கூட வர்றவ எப்படித் தொலைவா?

மருமகள்: அதைத்தான் நானும் சொன்னேங்க.

மகன்: உன்னைக் கேக்கல. அது அம்மாவோட போனா? குடு இங்க... ம். படம்தான் பாத்திருக்கே. நல்லது. எதுன்னு முடிவு பண்ணியாச்சா? மத்தியதரைக் கடல்னா சும்மாவா, உலகமே அங்கதான் பறக்குது. இன்னைக்கே டிக்கெட் போட்டாகணும்.

மருமகள்: உங்க இஷ்டம்தாங்க.

மகன்: எனக்குச் சின்னதுதான் பிடிச்சிருக்கு. மலை மேல ஒத்தை வீடு. சுத்தி ஈ காக்கா கிடையாது. உன் போனைக்கூட இங்கயே வெச்சுட்டு வரலாம்... தோள் வலி எப்படி இருக்கு?

மருமகள்: பரவால்லைங்க.

மகன்: படியில பாத்து நடன்னு எத்தனை தடவை சொல்றது? சரி, நான் போய் வண்டியை நிழல்ல நிறுத்திட்டு வரேன். நீயே சொல்லும்மா, எந்தத் தீவுன்னு. நீ சொல்றதுதான் இந்த வீட்ல நடக்கும்.

மாமியார்: போயிட்டானா?

மருமகள்: கேட்டைத் திறக்கற சத்தம் கேட்டுச்சு.

மாமியார்: எந்தப் படி?

மருமகள்: என்னத்தை?

மாமியார்: நாம இருக்கறது கீழ் வீடு. வாசல்லகூடப் படி கிடையாது. நீ விழுந்த படி எதுன்னு நானும் தேடித் தேடிப் பாக்கறேன்.

மருமகள்: விடுங்க அத்தை...

மாமியார்: அன்னைக்கு டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சானே, அப்பவே எனக்குக் கை கால் ஓடல. கதவைத் தட்டக்கூட தைரியம் வரல. அதான் சொல்றேன், பெரிய தீவுக்குப் போ. ஜன நடமாட்டம் இருக்கும். நீ கத்தினா நாலு பேர் திரும்பியாவது பாப்பாங்க. அந்தப் பாறையையும் கீழ கடலையும் பாத்ததுல இருந்து எனக்குச் சோறு இறங்கல.

மருமகள்: சின்னத் தீவுதான் அத்தை.

மாமியார்: புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?

மருமகள்: உங்ககிட்ட சொல்லலாமான்னு... தெரியல.

மாமியார்: நான் அவனைப் பெத்தவ. அதானே?

மருமகள்: ...ஆமா.

மாமியார்: அப்போ சொல்லாத. ஆனா அங்க மட்டும் போகாத.

மருமகள்: அங்கருந்து காலையில ஒரு படகு கிளம்புது. அதை விட்டா அடுத்தது சாயங்காலம்தான்.

மாமியார்: அதுக்கு?

மருமகள்: அவர் குளிக்கப் போனா லேசுல வெளிய வர மாட்டாரே. நான் ஏறிட்டா, அவர் கரையில நின்னு பாக்கத்தான் முடியும். பெரிய தீவுல தங்கினா டாக்ஸியைப் பிடிச்சுப் பின்னாலயே வந்துடுவார். எங்க அண்ணன் பெரிய தீவுப் படகுத்துறையில வந்து நிப்பான். அங்கருந்து நேரா ப்ளேன். பக்கத்து வீட்டக்கா போன்லதான் எல்லாம் பேசினோம்.

மாமியார்: பாஸ்போர்ட்டை அவன்தானே வெச்சிருப்பான்?

மருமகள்: ரூம்ல இருக்கற லாக்கர்ல வைப்பார். எல்லாத்துக்கும் ஒரே நம்பர்தான். அவர் பிறந்த வருஷம்.

மாமியார்: ...அது எனக்குத் தெரியாதா. வழியில பிடிச்சுட்டான்னா?

மருமகள்: பிடிச்சுட்டா... மலை மேல ஒத்தை வீடுதான்.

மாமியார்: வாயை மூடு! அப்படிச் சொல்லாத... ஷ். செருப்புச் சத்தம்.

மகன்: என்ன, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?

மாமியார்: இவகிட்ட பேசிப் பேசித் தொண்டை வத்திப்போச்சுடா.

மகன்: எதும்மா?

மாமியார்: ...

மகன்: அம்மா. உன்னைத்தான்.

மாமியார்: சின்னதுதாண்டா. பெரிசுல ஒரே இரைச்சல். மனுஷன் நிம்மதியா மூச்சு விட முடியுமா?

மகன்: பாத்தியாடி? அம்மான்னா அம்மாதான். உள்ள போய் ரெண்டு டிக்கெட் போட்டுட்டு வரேன். நீ வீட்டைப் பாத்துக்கோம்மா.

மாமியார்: பாத்துக்கறேன், பாத்துக்கறேன். போ.

மருமகள்: ...அத்தை.

மாமியார்: அழாத. முகத்தைத் துடை, கேப்பான்.

மருமகள்: எனக்காக இல்ல. அவர் தனியாத் திரும்பி வருவாரே. இந்த வீட்டுக்கு. நீங்க மட்டும்தான் இருப்பீங்க. அதை நெனச்சாத்தான் பயமா இருக்கு.

மாமியார்: நான் எங்கடி இருக்கப்போறேன்? நீங்க கிளம்பின கையோட நானும் உங்க அண்ணன் வீட்டுக்குக் கிளம்பறேன். உங்க அண்ணி எனக்கு ஒரு ரூம் ஒழிச்சு வெச்சிருக்கா. நீ படற பாட்டை அவங்களுக்கு முதல்ல சொன்னதே நான்தான். படகு விஷயத்தை மட்டும் உங்க அண்ணன் என்கிட்ட மறைச்சுட்டான்... பெத்தவளாச்சேன்னு பயந்திருப்பான். அவன் இடத்துல நான் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.