இரக்கம் வராத படம்

— ஆயிரத்து எட்நூத்தி அம்பது ரூபா பாக்கிண்ணே. செவுத்துல மாட்டற சைஸு. பிரேமோட ரெடியா கீது.

— பாக்கி கீக்கி பேசாத ஹேமந்து. படம் வேலை செய்யல.

— படம் எப்படிண்ணே வேலை செய்யும்? அது இன்னா மிக்சியா?

— எதுக்கு எடுக்கறேன்னு அன்னிக்கே சொன்னேனா இல்லியா? எம் பொண்டாட்டி கோச்சுகினு கேளம்பாக்கத்துல அவ அண்ணன் வூட்ல குந்திகினு கீறா. என் மூஞ்சிய பாத்து இரக்கப்பட்டு திரும்பி வரணும், அப்படி ஒரு படம் எடுன்னேன். முந்தாநேத்து அவ வாட்ஸப்புக்கு அனுப்பினேன். ரெண்டு நீலக் கோடு வந்துச்சு, பாத்துட்டா. அவ வரல.

— திருப்போரூர்ல இந்த மாதிரி லைட்டிங் எவனும் பண்ண மாட்டான். டெக்னிக்கலா பாருண்ணே. ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நெழலு. கண்ணுல ரெண்டு வெள்ளப் புள்ளி விழுந்துகீது பாரு. அது விழுந்தாதான் படத்துல உசுரு.

— எனக்கு உசுரு கீதுன்னு அவளுக்குத் தெரியும். அது போய்கினு கீதுன்னுதான் தெரியணும்.

— அதெல்லாம் லைட்டுல வராதுண்ணே.

— சரி, கையப் பாரு. சிமெண்டு கடிச்ச புண்ணு எங்க?

— ரீடச்சுல எடுத்துட்டேன். கண்ணுக்குக் கீழ கருப்பு, நரைச்ச தாடி, எல்லாத்தையும் எடுத்தேன். மூணு மணி நேர வேலைண்ணே.

— அடப்பாவி. அந்தப் புண்ணப் பாத்தாதான் அவ தேங்காண்ணெய் கிண்ணத்த தூக்கிகினு வருவா. கலவ போட்டுப் போட்டு காஞ்ச கைய நகைக்கடை விளம்பரத்துல வர்ற கை மாதிரி பண்ணி வச்சிகீற.

— டெக்னிக்கலா அது ஸ்கின் டோன்ண்ணே.

— பின்னால இன்னா அது, மங்கலா?

— மகாபலிபுரம் பீச்சு. நீ நம்ம கடை ஸ்டூல்லதான் குந்தின. கடல நான் வச்சேன். பின்னால மங்கலாக்கினாதான் மூஞ்சி முன்னால வரும்.

— பொண்டாட்டி போய் ஒரு மாசம் ஆவல, அதுக்குள்ள பீச்சு கேக்குதா இவனுக்குன்னு நெனைக்க மாட்டாளா?

— அக்கா எதுக்குண்ணே கோச்சுகினு போச்சு?

— அதுவும் போட்டோ பேஜாருதான். அவ அண்ணன் பொண்ணுக்கு காது குத்து. மேடைல வந்து நில்லுங்கன்னு மைக்குல எங்க பேரச் சொல்லி கூப்டாங்க. அந்த நேரம் பாத்து, பிரியாணி தீரப் போவுதுன்னு எவனோ சொன்னான். நான் பந்திக்குப் போயிட்டேன். படத்துல அவ மட்டும் நின்னுகினு கீறா, பக்கத்துல ஒரு ஆளு எடத்த வுட்டுட்டு.

— எதுக்கு எடம் வுட்டுச்சு?

— நான் வருவேன்னு.

— போனியா அப்பறம்?

— போனேன். கேமராக்காரன் சாப்புடப் போயிட்டான்.

— விடுண்ணே. நான் கை வைக்காத ஒரிஜினல் சிஸ்டத்துல கீது. தோ பாரு.

— ம். இதான் நானு. கடன் குடுத்தவனே பாத்தா இன்னொரு அம்பது ரூபா குடுத்துட்டுப் போவான். இத அவளுக்கு அனுப்பு. இந்தா, என் போனுலருந்தே அனுப்பு.

— அனுப்பிட்டேன். நீலக் கோடும் வந்துடுச்சு.

— தோ, அவளே கூப்புடறா. சொன்னேன் இல்ல, இதான் படம். நீயே எடுத்து ஸ்பீக்கர்ல போடு. என் கொரலு கேட்டா கட் பண்ணிடுவா.

— அலோ, சங்கரி அக்காவா? நான் ஸ்டூடியோ ஹேமந்து. அண்ணன் பக்கத்துலதான் கீறாரு. படம் பாத்தியாக்கா?

— பாத்தேன். இரக்கம் வரட்டும்னு வாய இழுத்து வச்சிகினு கீது. நாலு இட்லி தின்னுட்டு, அஞ்சாவது வருமான்னு பாக்கற மூஞ்சி.

— நாலு இல்ல சங்கரி, மூணுதான்.

— நீ பேசாத. தம்பி, ரெண்டு படத்துல எது நெசம்?

— இப்ப வந்ததுதான்க்கா. மொத படம் நான் ரீடச் பண்ணது. அத பாத்து நீ வரலன்னு, அண்ணன் பாக்கி குடுக்க மாட்டேன்றாரு.

— யாரு வரல? அந்த மொத படத்த எங்க அண்ணி நேத்து பாத்துட்டு, "உன் வூட்டுக்காரரு பத்து வயசு கொறைஞ்சு பீச்சுல நிக்கறாரே, படம் புடிச்சது யாரு?"ன்னு கேட்டுச்சு. ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் இல்ல. காலைல பஸ்ஸு புடிச்சு துணிப் பையோட வந்துட்டேன். சொன்னா உஷாராயிடும்னு போன் கூட பண்ணல. இப்ப பூட்டின வூட்டு வாசல்ல ரெண்டு மணி நேரமா நின்னுகினு கீறேன். சாவிய எடுத்துகினு அங்க வந்து பாக்கிக்கு சண்டை போடுதா அது?

— அப்ப இந்த ரெண்டாவது படத்த மொதல்ல அனுப்பி இருந்தா, அக்கா?

— இத எவ சீண்டப் போறான்னு நிம்மதியா எங்க அண்ணன் வூட்லயே இருந்திருப்பேன்.

— இந்தா ஹேமந்து, உன் பாக்கி முழுசா கீது. அந்த ரெண்டாவது படத்த அவ போனுலருந்தும் அழிக்க முடியுமான்னு பாரு.